இருபத்துநாலு பாதம்

நாளைக் காலை உங்களுக்குப் பச்சை ஜக்கெட் தருவார்கள். போட்டுப் பார்த்ததும் நீங்கள் என்ன கேட்பீர்கள் என்பது எனக்குத் தெரியும். புதிதாக வருகிற எல்லோரும் கேட்டதுதான்: "இதுக்கு ஏன் இவ்வளவு பெரிய பொக்கெட்?" ஒரு பக்கத்துப் பையில் மீன் அடைத்த மாலு பாண் இரண்டு போகும், நசுங்காது. முன்பு வந்த ஜக்கெட்டுகளில் பையே கிடையாது. இரண்டு பக்கமும் வேண்டும், மணிக்கட்டு வரை உள்ளே போக வேண்டும் என்று எழுதிக் கேட்டவள் நான். அதைத் தைத்த கண்டித் தையற்காரர் அளவைப் பார்த்துவிட்டு, "மிஸ், இதுல என்னதான் போடப் போறீங்க? தேங்காயா?" என்றார். அன்று நான் பதில் சொல்லவில்லை. இப்போது பச்சை ஜக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், சொல்வதில் தடையில்லை.

முதலில் நம்முடைய வேலை என்ன என்பதை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன், உங்களுக்குக் கொடுக்கப்போகும் கையேடு அதைப் பத்துப் பக்கத்தில் சொல்லும் என்பதால். இளையோர் மெய்வல்லுநர் போட்டிகளில் ஓடுகிற, பாய்கிற, எறிகிற பிள்ளைகளோடு இருப்பதற்கு, ஒருகாலத்தில் நாட்டுக்காக ஓடியவர்களையும் பாய்ந்தவர்களையும் அழைக்கிறார்கள். வழிகாட்டி என்று பெயர். நாம் பயிற்றுவிப்பாளர் இல்லை, நடுவரும் இல்லை. அஞ்சலோட்டத்தில் மூன்றாவது ஆளாக, வளைவில் ஓடியவள் என்பதால் என்னை அழைத்தார்கள். சில பாடசாலைகளின் விளையாட்டு அறைகளில் என் பழைய படம் இன்னும் தொங்குகிறது. அந்தப் படம்தான் இந்தக் கதையில் பாதிச் சிக்கலுக்குக் காரணம்.

என்னிடம் ஒரு பழக்கம் உண்டு. எது நடந்தாலும் நேரத்தோடு குறித்து வைப்பேன். ஓடிய காலத்தில் தொடங்கியது, விடவில்லை. திகதிகளை இங்கே அடுக்கி உங்களைச் சலிக்க வைக்க மாட்டேன், வேண்டுமானால் புத்தகத்தை வந்து பாருங்கள். இந்தக் கதைக்குத் தேவை ஒரு சனிக்கிழமையும் சில மணி நேரங்களும் மட்டுமே. புத்தகத்தில் அது எழுபத்திரண்டாம் பக்கம்.

அன்று கண்டியில் காலையிலிருந்தே வானம் மூடியிருந்தது. மைதானத்துக்கு நான் வந்து சேர்ந்தபோது ஏழு ஐந்து. எனக்கு முன்பே ஒருவர் வந்து, பார்வையாளர் மண்டபத்தின் கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்தார். அவரும் வழிகாட்டிதான், நம்மில் மூத்தவர். யாழ்ப்பாணத்துக்காரர், உயரம் பாய்ந்தவர். பெயரைப் போட்டால் அவருக்குக் கோபம் வரும், ஆகவே மூத்தவர் என்றே எழுதுகிறேன். அவர் கையில் எப்போதும் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கும். அதற்குள் சட்டைப்பின். பிள்ளைகள் மார்பில் இலக்கத் துணி குத்துவதற்கு எப்போதும் பின் தேடுவார்கள், எப்போதும் ஒன்று குறையும். அவரிடம் வருவார்கள். அவர் ஒன்றும் பேசமாட்டார், பின் கொடுப்பார். பிள்ளைகள்தான் பேசுவார்கள். சிலர் ஒரு பின் வாங்க வந்து அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார்கள்.

சேர்ந்த புதிதில் நான் அவரைச் சோம்பேறி என்று நினைத்தேன். அதை ஒருமுறை சுற்றி வளைத்துக் கேட்டும் விட்டேன்.

"நீங்க டெக்னிக் ஒண்டும் சொல்லிக் குடுக்கிறதில்லையா?" அவருடைய பேச்சு எனக்கும் கொஞ்சம் தொற்றியிருந்தது.

"நான் சட்டைப்பின் குடுக்க வந்தனான், பிள்ளை. டெக்னிக் சொல்ல அவையின்ர வாத்திமார் இருக்கினம்," என்றார்.

எனக்கு அது போதவில்லை. நான் ஓடியவள். எனக்குத் தெரிந்ததை எல்லாம் யாருடைய காலிலாவது ஏற்றிவிட வேண்டும் என்ற துடிப்பு. அந்தத் துடிப்புக்கு அன்று கிடைத்தவள் சுகந்தி.

சுகந்தி கம்பளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. அன்றைய நான்கு பேர் அஞ்சலோட்ட அணியில் மூன்றாவது ஆள், வளைவு ஓடுகிறவள், அதாவது என் இடம். வெறுங்காலில் ஓடுவாள். சப்பாத்துப் போட்டால் நிலம் தெரியவில்லை என்பாள். பதினெட்டு வயதுக்குட்பட்ட பிரிவில் அவளுக்கு அதுதான் கடைசி வருடம். தனி ஓட்டங்களில் அவள் தெரிவாகியிருக்கவில்லை. தேசியப் போட்டிக்குப் போக அவளிடம் மிச்சமிருந்த ஒரே வழி அந்த அஞ்சலோட்டம். இறுதிச் சுற்றில் முதல் மூன்று இடங்களுக்குள் வரும் அணி போகும்.

அவளுடைய அப்பா முச்சக்கர வண்டி ஓட்டுகிறவர். மூன்று பேர் உட்காரும் வண்டியில் எத்தனை பேரை ஏற்றி வந்தார் என்று தெரியாது. வேலியோரம் ஒரு சிறு கூட்டமே நின்றது. என்னைக் கண்டதும் கையெடுத்துக் கும்பிட்டார். "மிஸ், எங்க புள்ள ஸ்கூல்ல உங்க படத்துக்குக் கீழதான் தெனமும் சப்பாத்து கழட்டி வைக்கும்!" என்றார். சுகந்தி தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு உள்ளுக்குள் நன்றாக இருந்தது. பொய் சொல்வதற்கில்லை.

அஞ்சலோட்டம் ஓடாத நண்பர்களுக்காக ஒரு விளக்கம். கோல் வாங்கப்போகிறவள், பின்னால் ஓடி வருகிறவள் தன்னை நெருங்கும் வரை நின்றால் வேகம் போய்விடும். ஆகவே தனக்குப் பின்னால் தடத்தில் ஒரு குறி வைப்பாள், ஒரு துண்டு டேப். வருகிறவள் அந்த டேப்பை மிதிக்கிற கணத்தில் இவள் திரும்பிப் பார்க்காமல் பாய வேண்டும். குறி கிட்ட இருந்தால் வருகிறவள் முட்டிக்கொள்வாள். தூர இருந்தால் எட்டிப் பிடிக்க மாட்டாள், கோல் கைமாறுவதற்குள், அதற்கென்று தடத்தில் குறித்த எல்லை முடிந்துவிடும், அணி வெளியே. அந்தத் தூரத்தை நாடாவால் அளப்பதில்லை. குதிகாலும் விரலும் தொட்டுத் தொட்டுப் பாதம் பாதமாக நடந்து அளப்பார்கள். சுகந்தியின் அளவு இருபத்துநாலு பாதம்.

தகுதிச் சுற்று பதினொன்று இருபதுக்கு. பதினொன்று பத்துக்குத் தூறல் தொடங்கியது. ஒலிபெருக்கி மூன்று மொழியிலும் அவசரப்படுத்தியது. சுகந்தியின் கை ஈரம். டேப்பின் முனை பிரியவில்லை. நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். நடுவர் ஒருவர் விசில் ஊதினார்.

"கொண்டா இங்க," என்று டேப்பைப் பிடுங்கினேன். "எத்தனை?"

"இருபத்துநாலு பாதம், மிஸ்."

"நீ தலைமுடியக் கட்டு. நான் வைக்கிறேன்."

வைத்தேன். இருபத்துநாலு எண்ணி, தடத்தைக் கைக்குட்டையால் துடைத்து, டேப்பை ஒட்டி, குதிகாலால் அழுத்தி, அழகாக வைத்தேன். விதிப்படி குறி வைக்க வேண்டியவள் ஓடுகிறவள். நடுவர் என்னைப் பார்த்தார், சிரித்தார், ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்சம் பெயர் இருந்தால் தடை குறைந்துவிடுகிறது. வேலிப்பக்கம் சுகந்தியின் அப்பா கைத்தொலைபேசியை உயர்த்திப் படம் எடுத்தார். புத்தகத்தில் "24, நான் வைத்தேன்" என்று குறித்துக்கொண்டேன். அந்த "நான்" கொஞ்சம் பெரிய எழுத்தில் இருக்கிறது.

ஓட்டம் நடந்தது. இரண்டாவது ஆள் ஷிஃபா நேர்ப்பாதையில் நன்றாக வந்தாள். டேப்பை மிதித்தாள். சுகந்தி பாய்ந்தாள். அதற்குப் பிறகு நடந்தது பார்க்கச் சகிக்கவில்லை. ஷிஃபா கையை நீட்டிக்கொண்டே துரத்துகிறாள், சுகந்தி கையைப் பின்னால் வைத்துக்கொண்டே போகிறாள், நடுவில் காற்று. "நில்லுடி! நில்லு!" என்று ஷிஃபா கத்தியது மண்டபம் வரை கேட்டது. எல்லைக் கோட்டுக்கு ஒரு சாண் முன்னால், சுகந்தி ஏறக்குறைய நின்று, கோலை வாங்கினாள். நடுவர் நெடுநேரம் யோசித்துவிட்டு, செல்லும் என்று வெள்ளைக் கொடியைத் தூக்கினார். இறுதிக்கு எட்டு அணிகள். இவர்கள் எட்டாவதாக உள்ளே போனார்கள்.

அணியின் பயிற்றுவிப்பாளர் நஸீர் சேர். திகனக்காரர். நல்ல மனிதர், ஆனால் அன்று அவருடைய முகம் வானத்தைவிட மோசமாக இருந்தது.

"எனத்த புள்ள செஞ்ச நீ? ட்ரெய்னிங்ல ஒழுங்காத்தானே ஓடின. பெரிய கிரவுண்டக் கண்டோண்ண அவசரமா?"

"நா பாத்துத்தான் ஓடினே, சேர்."

"எனத்தப் பாத்த? அந்தப் புள்ள ஒனக்குப் பின்னுக்குப் பிச்சக்காரி மாதிரி கைய நீட்டிட்டு வந்திச்சி!"

ஷிஃபாவும் சேர்ந்துகொண்டாள். "நான் தொண்ட கிழியக் கத்தினேன், சேர். இவக்குக் காதும் இல்ல."

தகுதிச் சுற்று முடிவுகளை ஒட்டும்போது ஒன்று ஐந்து. அதைப் பார்த்த பிறகு நஸீர் சேர் முடிவெடுக்கப் பத்து நிமிடம்தான் எடுத்தார். இறுதிச் சுற்று மூன்று மணிக்கு. ஓடுகிறவர்களின் பட்டியலை இரண்டு மணிக்குள் கொடுக்க வேண்டும். சுகந்திக்குப் பதில் நிமேஷா ஓடுவாள் என்றார். நிமேஷா அணியின் ஐந்தாவது ஆள். சிங்களப் பிள்ளை. யாராவது ஓட முடியாமற் போனால் ஓடுவதற்காகக் காலையிலிருந்து உடம்பைச் சூடாக்கியபடி காத்திருந்தவள். அவள் ஓடிப்போய் மூத்தவரிடம் நான்கு சட்டைப்பின் வாங்கினாள்.

நான் அப்போது நஸீர் சேரின் கட்சி. பிள்ளை பதற்றத்தில் முன்கூட்டியே பாய்ந்துவிட்டாள், நானும் அப்படிப் பாய்ந்திருக்கிறேன், நாலு நல்ல வார்த்தை சொல்லித் தேற்றுவோம் என்று அவளைத் தேடிப் போனேன். நேரம் ஒன்று இருபது. மழை வலுத்திருந்தது. மண்டபத்தின் பின்பக்கம், கூரைக்குக் கீழே, காய்ந்த சீமெந்துத் தரையில் அவள் தனியாக நின்றாள்.

"பரவாயில்ல சுகந்தி. கொஞ்சம் சீக்கிரமா கிளம்பிட்ட. எல்லாருக்கும் நடக்கிறதுதான்."

"நா சீக்கிரமாக் கெளம்பல, மிஸ். ஷிஃபா கோட்ட மிதிச்ச பெறகுதான் போனே. கோடுதான் தூரமா தெரிஞ்சிச்சி."

"தூரமாவா? இருபத்துநாலுதானே?"

"ஆமா மிஸ். ஆனா தூரமா தெரிஞ்சிச்சி."

"அப்ப ஏன் சொல்லல?"

அவள் என்னை ஏதோ புரியாத பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"நீங்க வச்ச கோடு மிஸ்."

எனக்கு உடனே விளங்கவில்லை. மழையிலிருந்து உள்ளே வந்த அவளுடைய ஈரக் கால்தடம் காய்ந்த சீமெந்தில் வரிசையாக இருந்தது. சிறிய தடம். அவளைத் தேடி அதே வழியில் நடந்து வந்த என்னுடைய சப்பாத்துத் தடமும் பக்கத்தில் இருந்தது. என் உயரம் உங்களுக்குத் தெரியும், சப்பாத்து அளவு பலருக்குத் தெரியாது. கண்டிக் கடைகளில் பெண்கள் பக்கத்தில் எனக்குச் சப்பாத்துக் கிடைப்பதில்லை. ஆண்கள் பக்கம் போய், தம்பிக்கு என்று சொல்லி வாங்குவேன். அவளுடைய பாதம் என் சப்பாத்துக்குள் முழுசாகப் போய், முன்னால் ஒரு தீப்பெட்டிக்கு இடம் இருக்கும். ஒரு பாதத்துக்கு ஒரு தீப்பெட்டி. இருபத்துநாலு பாதத்துக்கு?

இருபத்துநாலு அவளுடைய எண். அதை நான் என் காலால் நடந்திருந்தேன்.

இங்கேதான் நான் உங்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும், சொல்ல வெட்கமாகவும் இருக்கிறது. நீங்கள் நினைப்பது போல நான் உடனே நஸீர் சேரிடம் ஓடவில்லை. புத்தகத்தில் நேரம் இருக்கிறது. ஒன்று இருபத்தாறுக்கு எனக்கு விளங்கியது. ஒன்று நாற்பத்திரண்டுக்குத்தான் அவரிடம் போனேன். நடுவில் பதினாறு நிமிடம். கென்டீனுக்குப் போய் ஒரு பிளேன்டீ குடித்தேன். மழைதான் காரணமாக இருக்கலாம் என்று யோசித்தேன். நிமேஷாவும் நன்றாக ஓடுகிற பிள்ளைதானே என்று யோசித்தேன். சுகந்திக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதி, அடுத்த மாதம் அவளுடைய பாடசாலைக்குப் போய்ப் பேசலாம் என்றுகூட யோசித்தேன். சுவரில் தொங்குகிற அந்தப் படம் எனக்கு எவ்வளவு முக்கியம் என்று அந்தப் பதினாறு நிமிடத்தில்தான் தெரிந்தது. நாட்டுக்காக அஞ்சலோட்டம் ஓடியவள், குறி வைக்கத் தெரியாதவள். இதை யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. ஓட்டம் முடிந்ததுமே டேப்பை உரித்து எறிந்துவிட்டார்கள். நான் பேசாமல் இருந்தால் போதும்.

பிளேன்டீயில் சீனி கரையவில்லை. கரண்டியால் கிண்டிக்கொண்டே இருந்தேன். பிறகு எழுந்து போனேன். ஏன் அந்த நிமிடத்தில் எழுந்தேன் என்று கேட்டால் பெரிய காரணம் எதுவும் இல்லை. "நீங்க வச்ச கோடு மிஸ்" என்ற குரலில் குற்றச்சாட்டே இருக்கவில்லை. இருந்திருந்தால் எதிர்த்திருப்பேன்.

நஸீர் சேர் மண்டபப் படியில் பட்டியலை முழங்காலில் வைத்து எழுதிக்கொண்டிருந்தார். பக்கத்தில் மூத்தவர், பின் டின்னோடு.

"சேர், பிழை சுகந்தியில இல்ல. கோடு பிழை. நான் என்ட காலால அளந்திட்டேன்."

அவர் பேனையை நிறுத்தினார். என்னைப் பார்த்தார். சிரித்தார்.

"மிஸ், உங்கட மனசு நல்ல மனசு. புள்ளையக் காப்பாத்தப் பாக்குறீங்க. ஆனா ரேஸ் மனசால ஓடுறதில்ல."

"காப்பாத்தல சேர். உண்மையாத்தான்."

"கோடு சுகந்திதானே வெச்சீக்கும். ஓடுற ஆள்தானே வெக்கணும்."

"நான்தான் வச்சேன்."

"சும்மா சொல்லாதீங்க மிஸ்."

உண்மையைச் சொல்லி நம்பவைப்பது இவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாது. அப்போது வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து சுகந்தியின் அப்பா உற்சாகமாகக் கத்தினார். என் பெருமையைத்தான் யாரோ சந்தேகிக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார்.

"சேர்! மிஸ்தான் வச்சாங்க! படம் இருக்கு! தோட்டத்துக் குரூப் எல்லாத்துக்கும் அனுப்பிட்டேன்!"

தொலைபேசியை வேலிக்கு மேலால் நீட்டினார். படத்தில் நான், குனிந்து, வாயால் எண்ணிக்கொண்டு, ஒரு சப்பாத்தின் முன்னால் இன்னொரு சப்பாத்தை வைத்துக்கொண்டிருந்தேன். மிகத் தெளிவான படம். சப்பாத்துகள் படத்தின் பாதியை நிறைத்தன.

மூத்தவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி அதைப் பார்த்தார். பிறகு என் காலைப் பார்த்தார்.

"பிள்ளை, இது கால் இல்லை, வள்ளம்," என்றார்.

நஸீர் சேர் சிரிக்கவில்லை. "சுகந்தியக் கூப்பிடுங்க," என்றார்.

மண்டபத்துக்கு முன்னால் புல்லில், தூறலில், எல்லோரும் பார்க்க, ஒரே இடத்திலிருந்து இருவரும் நடந்தோம். நான் சப்பாத்தோடு, அவள் வெறுங்காலோடு. இருவரும் சத்தமாக எண்ணினோம். இருபத்துநாலில் நின்றபோது அவள் எனக்குப் பின்னால் ஒரு நல்ல எட்டுத் தூரத்தில் நின்றாள். ஒரு மீட்டரைத் தாண்டும். ஷிஃபா வாயில் கை வைத்தாள். "அல்லாஹ்! அப்ப நான் இவள எப்பிடிப் பிடிக்கிற?" என்றாள். பிறகு சுகந்தியின் தோளில் ஒரு அடி போட்டாள். மன்னிப்பு என்பதற்கு அந்த வயதில் அதுதான் சொல்.

நஸீர் சேர் புல்லைக் கடந்து வந்தார். "நானும் பாக்காம ஏசிட்டேன், மகள்," என்றார் சுகந்தியிடம். பட்டியலில் ஒரு பெயரை வெட்டி வேறொன்றை எழுதினார். ஒன்று ஐம்பத்தைந்து.

கதை இங்கே இனிமையாக முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். அன்று நான் பதில் சொல்ல வேண்டிய பிள்ளைகள் இரண்டு பேர். நிமேஷா இலக்கத்தை மார்பில் குத்தி முடித்திருந்தாள். அரை மணி நேரமாக அவள் இறுதிச் சுற்று ஓடப்போகிறவள். நஸீர் சேர் போகப் புறப்பட்டார், நான் தடுத்துவிட்டு நானே போனேன். எனக்குத் தெரிந்த சிங்களத்தில், என் பிழை என்ன, அதனால் அவளுக்கு என்ன ஆயிற்று என்று சொன்னேன். அவள் கேட்டு முடித்தாள். ஒவ்வொரு பின்னாகக் கழற்றினாள். நான்கையும் எண்ணி மூத்தவரின் டின்னில் போட்டாள். பிறகு சிங்களத்தில் சொன்னாள்: "எனக்குக் கோபம்தான் மிஸ். இப்போதைக்குப் போகாது." அன்று முழுவதும் அவள் என்னோடு பேசவில்லை. நான் பதினாறு நிமிடம் பிளேன்டீ கிண்டாமல் இருந்திருந்தால் அவள் அந்தப் பின்களைக் குத்தி முடித்தே இருக்க மாட்டாள். உங்களுக்கும் இப்படி ஒரு பிழை நேரும். நேரும்போது தேநீர் குடிக்கப் போகாதீர்கள், அவ்வளவுதான் சொல்வேன்.

மூன்று மணிக்கு இறுதிச் சுற்று. மழை விட்டிருந்தது, தடம் ஈரமாக மின்னியது. வழிகாட்டிகள் எல்லோரும் வேலிக்கு வெளியே போய்விட வேண்டும். நான் இரண்டாவது கைமாற்றம் நடக்கும் இடத்துக்கு நேரே, கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூத்தவர் என் பக்கத்தில். உள்ளே சுகந்தி டேப்போடு குனிந்தாள். இந்த முறை முனையை முன்கூட்டியே பிரித்து வைத்திருந்தாள். வெறுங்காலால் அளக்கத் தொடங்கினாள். நானும் மனதுக்குள் எண்ணினேன். இருபத்தொன்று, இருபத்திரண்டு, இருபத்துமூன்று.

நின்றுவிட்டாள்.

நேர்ப்பாதையை ஒருமுறை பார்த்தாள். தடத்தில் கால் பெருவிரலைத் தேய்த்துப் பார்த்தாள். டேப்பைக் கிழித்து, அங்கேயே ஒட்டத் தொடங்கினாள். இருபத்துமூன்றில்.

எண்ணிக்கை தவறிவிட்டாள், காலையில் நடந்ததில் பயந்துபோய்க் கிட்ட வைக்கிறாள், ஷிஃபா வந்து முட்டப் போகிறாள், இரண்டு பேரும் விழப் போகிறார்கள். கத்தினால் கேட்கும் தூரம். "இருபத்துநாலு!" என்று ஒரு சொல். நான் சொன்னால் அவள் மாற்றுவாள். கட்டாயம் மாற்றுவாள். காலையில் பிழையான கோட்டையே மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டவள். அதை நினைத்ததும்தான் என் வாயை நானே கையால் பொத்தினேன். மற்றக் கை கம்பியை விட்டுவிட்டுக் காற்றில் எதையோ காட்டிக்கொண்டிருந்தது. அதையும் இழுத்து வைத்தேன். வைக்க இடமில்லை. அந்த ஜக்கெட்டில் பை இல்லை.

மூத்தவர் முன்னால் பார்த்தபடியே கேட்டார். "வாய்க்கு ஒரு பின் தரட்டோ?"

வெடி கேட்டது. முதல் கைமாற்றம் பிழையில்லை. ஷிஃபா வந்தாள். காலையில் வந்த வேகம் இல்லை, ஈரத்தில் கால் கொஞ்சம் கனத்தது தெரிந்தது. டேப்பை மிதித்தாள். சுகந்தி பாய்ந்தாள், திரும்பவே இல்லை. ஏழெட்டு எட்டு வைத்திருப்பாள். ஷிஃபா கத்தினாள். ஒரு கை பின்னால் நீண்டது. கோல் ஒரு பேனை கொடுப்பது போல அந்தக் கைக்குள் போனது. எல்லையின் நடுவில், சரியாக நடுவில். அதற்குப் பிறகு அவள் வளைவை எப்படி ஓடினாள் என்று எழுதினால் இன்னொரு புத்தகம் வேண்டும். ஆறாவதாகக் கோல் வாங்கினாள், நான்காவதாகக் கொடுத்தாள். கடைசி ஓட்டக்காரி அதை மூன்றாக்கினாள். வேலியோரத்தில் முச்சக்கர வண்டிக் கூட்டம் போட்ட சத்தத்தில் அறிவிப்பாளர் மூன்று மொழியிலும் சொன்னது ஒரு மொழியிலும் கேட்கவில்லை.

எல்லாம் அடங்கிய பிறகு சுகந்தியிடம் போனேன். தடத்தில் குனிந்து தன்னுடைய டேப்பை உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் இருபத்துமூணு?"

"ஷிஃபா காலையில ஒருக்கா முழுசா ஓடிட்டா மிஸ். தண்ணி வேற. கொஞ்சம் மெதுவாத்தானே வருவா. அதான் ஒன்னு கொறைச்சே."

"காலையிலயும் மழைதானே. அப்ப இத எனக்குச் சொல்லியிருக்கலாமே."

"நீங்க கேக்கலையே மிஸ். எத்தனைன்னு மட்டுந்தான் கேட்டீங்க."

இதைக் கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டே சொன்னாள். நான் புத்தகத்தைத் திறந்து எழுபத்திரண்டாம் பக்கத்தைக் காட்டினேன். "24, நான் வைத்தேன்" என்ற வரியைப் படித்தாள். என் பேனையை வாங்கி, அதன் கீழே "23" என்று எழுதி, உரித்த டேப்பை அந்த வரிக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டாள். என் புத்தகங்கள் எல்லாவற்றிலும் என்னுடைய கையெழுத்தில் இல்லாத ஒரே பதிவு அது. டேப்பில் அவளுடைய பெருவிரலின் மண் இன்னும் இருக்கிறது.

சுகந்தியின் அப்பா இறுதிச் சுற்றின்போதும் படம் எடுத்திருந்தார். பிறகு எனக்கு அனுப்பினார். நடுவில் சுகந்தி குனிந்து டேப் ஒட்டுகிறாள். தூரத்தில், வேலிக்குப் பின்னால், மங்கலாக ஒரு நெடிய பெண் ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு, மற்றக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்கிறாள். என் படங்களில் எனக்குப் பிடித்தது அதுதான்.

திங்கட்கிழமை காலை முதல் வேலையாக ஜக்கெட்டுக்குப் பை வேண்டும் என்று கடிதம் எழுதினேன். நாளைக்கு நீங்கள் அதைப் போட்டுக்கொண்டு உள்ளே போவீர்கள். ஏதோ ஒரு பிள்ளை உங்கள் கண் முன்னால் ஏதோ ஒன்றை உங்களுக்குத் தெரிந்த மாதிரி இல்லாமல் செய்யும். முதலில் ஏன் என்று கேளுங்கள். பதில் வரும் வரை இரண்டு கைகளும் உள்ளே இருக்கட்டும். ஆழம் போதும், நான் அளந்து பார்த்துத்தான் தைக்கச் சொன்னேன். உங்களுக்குச் சின்னக் கையாக இருந்தால் மாலு பாணுக்கும் இடம் இருக்கும்.